ரேகை விழவில்லை

ரேஷன் கடை மிஷினில்
ஆறு தடவை அழுத்தினேன்.
ஏழாவது தடவை முத்துராக்கு அண்ணன்
என் விரலைத் தன் சட்டையில் துடைத்து
அவரே பிடித்து அழுத்தினார்.
"ரேகை விழலையே ஜெசிந்தா,
நண்டு தின்னுருச்சு போல."
வரிசை சிரித்தது.
நானும் சிரித்தேன்,
பாதி வாய்தான் வந்தது.

மண்டபம் நண்டுக் கம்பெனியில் பதினோரு வருடம்.
ஐஸ் தட்டில் வைத்து ஓடு பிரித்து
நார் நாராகச் சதை எடுப்போம்.
முதலில் வெளுத்தது மோதிர விரல்,
சுண்ணாம்பு வெள்ளை.
பிறகு நீலம். பிறகு சிவந்து எரியும்.
"ஐஸ்தான், எல்லாருக்கும் வரும்" என்றாள் சூப்பர்வைசர்.
எல்லாருக்கும் வந்தது,
சோற்று நேரத்தில் எல்லாருக்கும் போனது.
எனக்குச் சித்திரை வெயிலிலும்
குடத்துத் தண்ணீரைத் தொட்டால் வந்தது.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர்
கண்ணை மூடச் சொல்லி
பஞ்சால் தொட்டார், ஊசியால் தொட்டார்.
தெரியுதா?
தெரியுது.
இங்க?
தெரியுது.
தொழுநோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.
அந்தச் சீட்டோடு பஸ் இறங்கி வந்தபோது
என் டம்ளர் மட்டும்
தனியாக ஜன்னல் மேல் ஏறியிருந்தது.
யார் ஏற்றியது என்று நான் கேட்கவில்லை.

மெடிக்கலில் கொடுத்த வெள்ளை மாத்திரையை
இரண்டு மாதம் தின்றேன்.
மதுரை டாக்டரம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்து
மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.
"ஸ்டீராய்டு. நீயா வாங்கித் தின்னாதே,
உன் கிட்னி தாங்காது."

அன்றைக்கு என்னைப் பதினேழு இடத்தில் கிள்ளினார்.
தோல் மடிந்தால் குறைந்த மார்க்,
பிடிக்கே வராத இடத்துக்கு மூன்று.
ஐம்பத்தொன்றுக்கு இருபத்திரண்டு.
இந்தப் பரீட்சையில்
கம்மியாக வாங்கினால்தான் பாஸாம்.

நகத்தோரம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
மைக்ரோஸ்கோப்பை வைத்தார்.
திரையில் என் ரத்தக் குழாய்கள்,
ஒன்றிரண்டு புடைத்து,
பக்கத்தில் வெறும் வெளி.
கண் பிரிந்த வலை பார்த்திருக்கிறேன்,
உட்கார்ந்து கோத்துவிடலாம்.
"இதக் கோக்க முடியுமா?"
"போனதக் கோக்க முடியாது.
மிச்சக் கண்ணக் காப்பாத்தலாம்."

நோயின் பேர் ஸ்கிளிரோடெர்மா.
முழுசாகச் சொல்ல
என் வாய் அந்த அளவுக்குத் திறக்காது.
மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில்
இரண்டுதான் நுழைந்தது.

அப்புறம் நுரையீரல்.
குழாயைக் கவ்வச் சொல்லி ஒரு பையன் கத்தினான்:
ஊது ஊது ஊது விடாத ஊது.
கவ்வின உதட்டோரம் காற்று கசிந்தது.
கதவருகில் இன்னாசி நின்றான்.
சங்கு குளிக்கிறவன்,
ஆறு பாகம் இறங்கி ஏறுகிறவன்.
என்னோடு சேர்ந்து மூச்சை அடக்கியிருக்கிறான்.
நான் முடித்து வெகுநேரம் கழித்துத்தான்
அவன் மூச்சு விட்டான்.
என் தாளில் அறுபத்தெட்டு என்று இருந்தது.

விரலுக்கு ஒரு மாத்திரை,
நெஞ்செரிச்சலுக்கு ஒன்று,
தோலுக்கும் நுரையீரலுக்கும் சேர்த்து
காலை இரண்டு, ராத்திரி இரண்டு.
அதற்காக மாசம் ஒரு முறை ரத்தம் எடுக்க வேண்டும்,
வாரம் ஒரு முறை பிரஷர் பார்க்க வேண்டும்.
திடீரென்று ஏறினால், தலை வலித்தால்,
விடியட்டும் என்று இருக்காதே,
அன்று ராத்திரியே கிளம்பு என்றார்.
கடைசிப் பஸ் பத்தே காலுக்கு என்று சொன்னேன்.
பேனாவை மூடி
தன் போன் நம்பரை எழுதினார்.

"கொணமாயிருமா?"
"நிறுத்தலாம். சில இடம் இளகும்."
பொய் சொல்லாததற்கு
அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஐஸ் மேசையில் இல்லை,
எடை போடுகிறேன், உள்ளே கம்பளிக் கையுறை.
சம்பளத்தில் ஆயிரத்து இருநூறு குறைச்சல்.
முத்துராக்கு அண்ணன் போனுக்கு நம்பர் வரவைத்து
அரிசி போடுகிறார்.
டம்ளர் ஜன்னல் மேலேயே இருக்கிறது.
ஏற்றினவர்கள் இறக்கட்டும்.

கரண்ட் போன ராத்திரிகளில்
இன்னாசி என் முன்கையைக் கிள்ளிப் பார்க்கிறான்,
டாக்டர் மாதிரி, நாக்கைக் கடித்துக்கொண்டு.
"மடியுது. இன்னைக்கு ரெண்டு."
"மூணு போடு.
என்னைய ஏமாத்தாத."
"ரெண்டுடி" என்கிறான்,
திரும்பவும் கிள்ளுகிறான்.